மூன்றே நாளில் ஒப்புதல்

வங்கியின் கண்ணாடிக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அதில் ஒரு கணவனும் மனைவியும் சாவியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள். தலைக்கு மேலே, ‘முதல் வீடு வாங்குவோருக்கு மூன்றே நாளில் கடன் ஒப்புதல்.’ கயல்விழி அதை நம்பித்தான் தை மாதக் கடைசியில் உள்ளே போனாள்.

திருவையாற்றுப் பக்கம் அரசுப் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அவள் பரம்பரையில் யாரும் விலை கொடுத்து வீடு வாங்கியதில்லை. கல்யாணமான பிறகு தஞ்சாவூரில் வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்திலெல்லாம், எந்த ஊர் என்று கேட்டவர்கள் அதோடு விடாமல், அந்த ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

வெண்ணாற்றுக்கு வடக்கே பாத்திரக்கடை மீரா சாகிப் தன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு முத்துப்பேட்டையில் இருக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, கணவன் பரிதியோடு போய்ப் பார்த்தாள். அவர் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, “ஜூன் கடைசிக்குள்ள முடிச்சிடுங்கம்மா. அங்க மாடி எடுக்க ஆள் சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

மேலாளர் தியாகேசன் முதல் நாள் காபி வரவழைத்தார். “கவர்மெண்ட் டீச்சர் நீங்க. மூணு நாள்கூட ஆகாது மேடம்.” அந்த வங்கியில் அவள் குடித்த முதல் காபியும் கடைசிக் காபியும் அதுதான்.

அடுத்த முறை அவருடைய சந்தேகம் பரிதியின் வருமானத்தில் வந்து நின்றது.

“உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசம் நிறைய வருது, அப்புறம் ஒண்ணுமே இல்லையே?”

“அறுவடை மெஷின் மெக்கானிக் சார் அவரு. நெல்லு வெளைஞ்சாத்தான் அறுப்பாங்க.”

“மத்த மாசத்துல?”

“மத்த மாசத்துல நெல்லு பச்சையா நிக்கும் சார்.”

சுற்றிலும் வயல் சூழ்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, தியாகேசன் அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

பிறகு வங்கியின் வக்கீல் ஒன்றைக் கண்டுபிடித்தார். பழைய மூலப்பத்திரத்தில் வீட்டு மனைக்கு மேற்கு எல்லை ‘வாய்க்கால்’ என்றிருந்தது. இப்போது அங்கே தார்ச்சாலை. வாய்க்கால் எங்கே போனது என்று கயல்விழி சான்று கொண்டுவர வேண்டும். வாய்க்காலைத் தூர்த்துத் தெரு போட்டவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீடு வாங்க வந்தவளைக் கேட்டார்கள். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தாள். சான்று கைக்கு வந்தபோது வில்லங்கச் சான்று பழசாகியிருந்தது. அதைப் புதிதாக வாங்கியபோது சம்பளச் சீட்டு பழசாகியிருந்தது. எல்லாம் சேர்ந்த வாரம் வக்கீல் ஊரில் இல்லை.

சித்திரை போய் வைகாசியும் முடிகிற சமயத்தில் மீரா சாகிப் கூப்பிட்டார். “ரொக்கமாத் தர ஒருத்தரை என் மச்சான் கூட்டிட்டு வந்திருக்கான்மா. உங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன், அதனால திருப்பி அனுப்பிட்டேன். ஆனா இந்த மாசத்தோட சரி. எனக்கும் அங்க வேலை நிக்குது.” அவர் குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை தியாகேசனே கூப்பிட்டார். அவ்வளவு அன்பாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

“நாளைக்குக் கல்யாண மண்டபத்துல நம்ம வீட்டுக்கடன் விழா மேடம். மண்டல அதிகாரி வர்றார். முதல் வீடு வாங்கினவங்க ஒருத்தரை மேடையேத்தி சாவி கொடுக்கணும். நீங்க டீச்சர், நல்லாப் பேசுவீங்க.”

“எனக்குத்தான் இன்னும் லோனே வரலையே சார்?”

“அது வந்துடும். சாவி சும்மா அட்டைச் சாவிதான்.”

“ஒப்புதல் கடிதத்தக் கையில கொடுங்க. மேடைக்கு வர்றேன்.”

“ஒரே நாள்ல எப்படி மேடம்? லீகல் இருக்கு, மேல ஆபீஸ் இருக்கு...”

“அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க சார்.”

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்கே கடிதம் வந்து சேர்ந்தது. ஊரில் இல்லாத வக்கீல் கையெழுத்துப் போட்டிருந்தார். மேல் ஆபீஸ் முத்திரை குத்தியிருந்தது. வாய்க்காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சந்தோஷப்படுவோம் என்று நினைத்திருந்தவள் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து கொதித்தாள். இத்தனை மாதமும் எதுவும் தடையாக இருக்கவில்லை. அவளுக்கு வீடு கிடைப்பது அதுவரை வங்கியில் யாருக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மேடையில் மண்டல அதிகாரி, கதவளவு அட்டைச் சாவியை நீட்டி, “இந்தச் சகோதரிக்கு மூன்றே நாளில் கடன் கொடுத்திருக்கிறோம்” என்றார். மைக் அவள் கைக்கு வந்தது.

“வணக்கம். நான் தை மாசம் விண்ணப்பிச்சேன். ஒப்புதல் நேத்து சாயங்காலம் கிடைச்சது. இந்த விழா இல்லன்னா இன்னும் கிடைச்சிருக்காது. இங்க எழுதிக் கொடுத்துட்டுக் காத்திருக்கவங்க யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க.”

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. மண்டல அதிகாரி தன் செல்போனில் அவசரமாக எதையோ தேடினார். பேச்சை அமுக்கிவிடலாம் என்று தியாகேசன் கைதட்ட ஆரம்பித்தார். கூட்டமும் தட்டியது, ஆனால் அவருக்காக இல்லை.

“செக் இன்னும் வரலையே கயலு. அதுக்குள்ள வாயக் கொடுத்துட்டியே” என்றான் பரிதி, மண்டபத்திலிருந்து வீடு திரும்பும் வழியில். அவன் பயந்தது சரிதான். அதன்பின் வங்கியில் அவள் போனை யாரும் எடுக்கவில்லை. நேரில் போய்த் தியாகேசனின் எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது மேடம்.”

“பொய்யா சொன்னேன்?”

“அதுக்கில்ல...”

“செக் எப்ப சார்? இல்ல, அன்னிக்குக் கையத் தூக்கினவங்களையும் கூட்டிட்டு வரவா?”

அந்த வாரமே செக் வந்தது. ஜூன் முடிவதற்குள் பத்திரப்பதிவும் ஆனது. பதிவு அலுவலக வாசலில் மீரா சாகிப் சாவிகளைக் கொடுத்து, “கிழக்கு ஜன்னல் மழைக்கு உப்பிக்கும், அழுத்தித்தான் சாத்தணும்” என்றார். கயல்விழிக்குக் கண் கலங்கியது. அவர் பார்க்காதது போல ஆட்டோவைக் கூப்பிடப் போனார்.

புது வீட்டில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரிதி எங்கிருந்தோ சேதி கொண்டுவந்தான்.

“உன் மேனேஜருக்குப் பதவி உயர்வாம். சீர்காழிக்குப் போறாராம். போறப்ப கேடயம் வேற கொடுத்திருக்காங்க.”

“எதுக்காம்?”

“சீக்கிரமா லோன் கொடுத்ததுக்கு.”

“சீர்காழிக்காரங்க பாவம்” என்றாள் கயல்விழி, குக்கர் மூடியைத் தேடிக்கொண்டே.