ஆறாம் மாடிப் பிறை

இதனால் உலக மக்கள் அனைவருக்கும், குறிப்பாக இக்கட்டடத்தில் லிப்ட் பாவிப்போருக்கும், அறியத்தருவது யாதெனில்: ஷவ்வால் மாதம் எதிர்வரும் வெள்ளிக்கிழமை பிறக்கின்றது. அன்றே நோன்புப் பெருநாள். இது இறுதியான முடிவு. வானம் மேகமூட்டமாய் இருப்பினும் சரியே.

லிப்டுக்குள் ஒட்டிய நோட்டீஸின் கீழே நீல நிறத்தில் வட்டமான சீல். சீலைச் சுற்றி, ‘உலக ஹிஜ்ரி நாட்காட்டி ஒருங்கிணைப்புப் பேரவை, வெள்ளவத்தைக் கிளை.’ தலைவர், செயலாளர் என்ற இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து. இரண்டாம் மாடி பௌஸி, ஓய்வுபெற்ற பொறியியலாளர். கிளையில் வேறு உறுப்பினர் எவரும் இல்லாதபடியால் பேரவைக்குள் இதுவரை கருத்து வேறுபாடு ஏற்பட்டதில்லை.

பேரவையின் கொள்கை எளிமையானது. பூமியில் எங்கேயாவது ஓரிடத்தில், அது அமெரிக்கக் கரையாக இருந்தாலும், சூரியன் மறைந்த பிறகு பிறை தெரியக்கூடிய உயரத்தில் நின்றால் போதும். உலகம் முழுவதற்கும் மறுநாள் ஒன்றாம் பிறை. யாரும் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை, கணக்குப் பார்த்துவிடும். கொழும்பில் ஏனையோர் இருபத்தொன்பதாம் நோன்பு மாலை வானத்தைப் பார்ப்பதும், பிறகு வானொலி அறிவிப்புக்குக் காத்திருப்பதும் பௌஸிக்குச் சிரிப்பு.

அவருடைய மகள் அர்பாவுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் அவள் தாதி. கொட்டாஞ்சேனை அஹ்ஸனும் அவளும் இரண்டு வருடமாகக் கதைத்து, வீட்டுக்குச் சொல்லி, கடைசியில் அஹ்ஸனின் உம்மா பெண் பார்க்க வரச் சம்மதித்திருந்தார். ஏற்கெனவே இரண்டு தரம் நாள் குறித்து, இரண்டு தரமும் அர்பாவுக்கு டியூட்டி விழுந்திருந்தது.

“பெருநாளண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுதிட்டு வாறேன்” என்று அந்த அம்மா போனில் சொல்லியிருந்தார். “பெருநாளைக்காவது ஊட்டுல நிக்கிற புள்ளயா எண்டு பாப்பம். அண்டைக்கும் டியூட்டியெண்டா இந்தப் பேச்சு வேணாம்.”

“இன்ஷா அல்லாஹ், பெருநாளண்டைக்கு” என்றார் அர்பாவின் உம்மா அஸீஸா. எந்தப் பெருநாள் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கேட்கவில்லை. அர்பா வாப்பாவின் கணக்கை நம்பி வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டாள். அத்தாட்சியாகப் பேரவையின் கடிதத்தையும், சீலோடு, இணைத்திருந்தாள். சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து இரவு ஏழு மணிவரை அவளுக்கு டியூட்டி.

வியாழக்கிழமை பின்னேரம்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கொட்டாஞ்சேனைக்காரர்கள் வானொலியைக் கேட்டுப் பெருநாள் எடுப்பவர்கள். இங்கே பிறை தெரியாவிட்டால் அவர்களுக்குச் சனிக்கிழமைதான் பெருநாள்.

“பிறை தெரியும்” என்றார் பௌஸி. “தெரியாம எங்க போற?”

“தெரியுமெண்டா நல்லம்” என்றார் அஸீஸா. “ரேடியோவுல செல்லும் வரைக்கும் நான் வட்டிலப்பத்துக்கு முட்டை ஒடைக்க மாட்டேன். அமெரிக்காவுல கண்ட பிறைக்கு அமெரிக்காவுலயே வட்டிலப்பம் அவிக்கச் செல்லுங்க.”

அர்பா டியூட்டி ரோஸ்டரைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமைக் கட்டத்தில் அவள் பெயர் இருந்தது.

பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு நோன்பு திறந்த கையோடு பௌஸி மொட்டைமாடிக்கு ஏறினார். லிப்ட் ஆறாம் மாடியோடு நின்றுவிடும். மிச்சப் படிகளை மூச்சிரைக்க ஏறினார். பிறையைக் கண்ணால் தேடுவது காலத்துக்கு ஒவ்வாத வேலை என்று மூன்று வருடமாக நோட்டீஸ் ஒட்டியவர், கடல் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி நின்றார். அடிவானத்தில் மேகம் தடித்துக் கிடந்தது. இடது மூலைக்குப் போனார். வலது மூலைக்குப் போனார். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார்.

ஆறாம் மாடிப் பொன்னம்பலம் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

“என்ன இன்ஜினியர், எதையும் துலைச்சுப் போட்டியளோ?”

“சும்மா. ஒரு ஆய்வு.”

“பிறையோ? அது பாக்கத் தேவையில்லையெண்டு லிப்டுக்குள்ள போட்டிருக்கிறியள். நான் ஏறி இறங்கேக்க ஒவ்வொருநாளும் வாசிக்கிறனான்.”

“பொன்னம்பலம், உங்கட கண் நல்லமா?”

“கற்றாக்ற் ஒப்பறேசன் செய்து ரெண்டு மாதம். புதுக்கண் மாதிரி.”

“அப்ப இங்க வந்து பாருங்க.”

இருவரும் பார்த்தார்கள். கரையோர ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போனது. திடீரென்று பௌஸி பொன்னம்பலத்தின் முழங்கையைப் பிடித்தார். “அந்தா. மேகத்துக்கு மேல. வெள்ளையா.”

“அது அசையுது.”

“பிறையும் அசையும்.”

“லைற் போட்டுக்கொண்டு அசையாது இன்ஜினியர். உது இரத்மலானைக்கு இறங்கிற பிளேன்.”

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வானொலி அறிவித்தது: நாட்டின் எப்பகுதியிலும் பிறை தென்படவில்லை. நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும். சனிக்கிழமை பெருநாள்.

அஸீஸா முட்டைகளைத் திரும்பவும் பிரிட்ஜுக்குள் வைத்தார். அர்பா எழுந்து வாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“வார்டுக்குப் பொறுப்பு மேல் ஊட்டு பாலேஸ்வரி சிஸ்டர். லீவு மாத்திறதெண்டா அவங்கதான் மாத்தணும். நீங்க வந்து கேளுங்க.”

“நானா? நீ கேக்கலாமே.”

“கேட்டேன். கடிதம் தந்தவரைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

பாலேஸ்வரி, பொன்னம்பலத்தின் மனைவி, அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டியிருந்தார். பௌஸி கதிரையின் நுனியில் இருந்தார். தொண்டையைச் செருமினார். உலக முஸ்லிம்களின் ஒற்றுமை, மேகங்களின் நம்பகமின்மை, பிறைக்கு ஐந்து பாகை உயரம், எட்டுப் பாகை விலகல் என்று ஒரு சுற்றுப் போய்வந்தார்.

“அண்ணை” என்றார் பாலேஸ்வரி. “பெருநாள் எப்ப?”

“சர்வதேச ரீதியில வெள்ளிக்கிழமை.”

“என்ர வார்ட்டில எப்ப?”

பௌஸி மகளைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு விரல் நகத்தைக் கடித்தாள். சின்ன வயதில் விட்ட பழக்கம் அது.

“சனிக்கிழமை” என்றார். சத்தம் பெரிதாய் வரவில்லை.

“சனி எனக்கு ஓஃப். அவவின்ர டியூட்டிக்கு நான் போறன். வெள்ளி அவ வரட்டும். ஆனா ஒபீஸ் பைலில உங்கட சீல் குத்தின லெற்றர் கிடக்கு, வெள்ளிதான் பெருநாள் எண்டு. எனக்கு இன்னொண்டு வேணும். சனி எண்டு. அதே சீலோட.”

“அப்ப சனிக்கிழமை எனக்கு ஆர் சமைக்கிறது?” என்றார் பொன்னம்பலம். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பௌஸி இறங்கிப்போய்ப் பேரவையின் கடிதத்தாளை எடுத்தார். முதல் வரைவில், ‘சில தவிர்க்கமுடியாத பிராந்தியக் காரணங்களை முன்னிட்டு’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினார். அர்பா வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவதில் மூன்று பந்தி. மூன்றாவதில் ஒரு வரி: நோன்புப் பெருநாள் சனிக்கிழமை. சீலை ஊதி ஊதி நாலு தரம் குத்திப் பார்த்தார். பிறகு கடிதத்தில் குத்தி, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அர்பா நோன்போடு வேலைக்குப் போனாள். அஸீஸாவும் நோன்பு. பௌஸியின் கணக்கில் அன்று பெருநாள், நோன்பு பிடிப்பது ஹராம். ஆகவே அவர் குளித்து, புதுச் சேர்ட் போட்டு, ஹோலில் தனியாகத் தொழுது, பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார். குசினியில் அடுப்பு மூட்டப்படவில்லை. ஒன்பது மணிக்கு மணியடித்தது. பொன்னம்பலம், கையில் பிஸ்கட் பெட்டி.

“ஈத் முபாரக். தனியக் கொண்டாடுறியள் எண்டு கேள்விப்பட்டன்.”

“உள்ள வாங்க” என்றார் பௌஸி. இருவரும் பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அஹ்ஸனின் உம்மா மகனோடு வந்தார். அர்பா வீட்டில் நின்றாள். இளநீலச் சல்வார், கையில் வட்டிலப்பத் தட்டு. அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். ஆறாம் மாடிக்குப் புரியாணிச் சட்டி ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

பிறகு அவருடைய கண் சுவரில் தொங்கிய பேரவைக் கலண்டரில் விழுந்தது. “இதுல நேத்துப் பெருநாள் எண்டு ஈக்கி.”

“அது சர்வதேசம்” என்றார் அஸீஸா. “தேத்தண்ணி குடிங்க.”

நிக்காஹ் எந்த மாதம் என்று பேச்சு வந்தது. ரபீஉல் அவ்வல் நல்லது என்றார் அந்த அம்மா. நல்லதுதான், ஆனால் அது எந்த நாளில் பிறக்கிறது என்பதை விஞ்ஞான ரீதியாக அணுக வேண்டும் என்று பௌஸி நிமிர்ந்து உட்கார்ந்தார். கொட்டாஞ்சேனையில் இதுவரை யாரும் விஞ்ஞான ரீதியாகக் கல்யாணம் முடித்ததில்லை என்றார் அந்த அம்மா. அரை மணித்தியாலம் இருவரும் விடவில்லை. அர்பா அஹ்ஸனைப் பார்த்தாள். அஹ்ஸன் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனான். திரும்பி வந்தபோது நாள் முடிவாகியிருந்தது.

ஆகஸ்ட் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. தெஹிவளைக் கல்யாண ஹோல் அன்றைக்கு மட்டும்தான் காலியாக இருந்தது.