பூ விழுந்த கண்

“இது எந்தக் காலத்துப் படம், அம்மா? வெள்ளைக்காரன் காலத்தில எடுத்ததோ?”

காணிக் கந்தோர் உத்தியோகத்தர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “நல்ல வடிவா இரிக்கே, கலண்டருக்குப் போடலாம்” என்றார். இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அதனால்தான் தெய்வமணிக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள்.

“போன கிழமை எடுத்தது, ஐயா. கிறவல் மண் கொட்டி எங்கட துறையை மூடுறானுகள்.”

“எங்க கிறவல்? எனக்குப் புகைதான் தெரியுது. டிப்பர்ட நம்பர் எங்க? நம்பர் தெரியாம நான் ஆருக்கு எழுதுறது? தெளிவான படம் ஒண்டு கொண்டாங்க.”

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். வீட்டில் பார்த்தபோது, மருமகன் எடுத்த படம் என்ற பெருமை கண்ணை மறைத்திருந்தது. இப்போது தெரிந்தது. டிப்பர் சாம்பிராணிப் புகைக்குள் நிற்கும் தேர் மாதிரி நின்றது. இலக்கத் தகட்டில் பால் ஊற்றியதுபோல ஒரு வெளிச்சம். கிறவல் குவியல் மேகம்போல மிதந்தது. துறையைக் கொல்ல வந்த வாகனத்தை யாரோ சோடித்து விட்டிருந்தார்கள்.

அந்தத் துறை இல்லையென்றால் அவளுக்கு வாவியே இல்லை. சேற்றில் வேரூன்றிக் கரையை அடைத்து நிற்கும் கண்ணா மரங்களுக்கு நடுவே தண்ணீரில் இறங்கக் கிடந்த ஒரே வாய் அதுதான். பெண்கள் அத்தாங்கு வலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இறால் கோலி, பெரியகல்லாற்றுச் சந்தியில் விற்றுச் சீவிக்கிறார்கள். விடுதி கட்ட வந்த கொம்பனி பக்கத்துக் காணியை வாங்கியது. மதில் எழும்பியது. பிறகு டிப்பர் வந்தது. துறையில் பாதி இப்போது செம்மண் திடல்.

பக்கத்து வீட்டு யசோதினி போனில் படம் எடுக்கத்தான் போனாள். தடுத்தவன் ஜெயரூபன், தெய்வமணியின் அண்ணன் மகன். களுவாஞ்சிக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். “போன் படம் எடுபடாது, மாமி. என்ட கமராவில எடுத்துத் தாறன்” என்றான். விடியப்புறம் வந்து, சூரியன் டிப்பருக்குப் பின்னால் ஏறும்வரை காத்துக் கிடந்து எடுத்தான். மருமகனின் அக்கறையைப் பார்த்து அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தேத்தண்ணியை நினைக்கவே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கந்தோரிலிருந்து பஸ் பிடித்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள். செருப்பைக் கழற்றவில்லை.

“என்னடா எடுத்துத் தந்திரிக்காய்? சிரிக்கிறானுகள் என்னைப் பாத்து!”

“இரிங்க, மாமி. என்ன நடந்த?”

படத்தை மேசையில் அடித்தாள். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. கமராவை எடுத்துக் காட்டினான். ரேஞ்ச்பைண்டர், புதுசு, டிஜிட்டல். முன்னால் பூட்டியிருந்த லென்ஸ் மட்டும் எழுபது வருசப் பழசு. ஜெர்மனியில் யாரோ விற்றதைத் தபாலில் எடுப்பித்து, ஒரு வளையம் போட்டு இதில் பொருத்தியிருக்கிறான்.

“இப்பத்தைய லென்ஸ் எல்லாம் ஒரே மாதிரி, மாமி. இதுக்குத்தான் உயிர் இரிக்கு. லென்ஸ்ட வாயை அகலத் திறந்து வெயிலுக்கு நேர பிடிச்சா ஒளி அப்பிடியே பூக்கும். பேஸ்புக்கில போட்டன், எத்தனை பேர் புகழ்ந்து எழுதியிரிக்காங்க தெரியுமா?”

“வாயை ஒடுக்கினா?”

“ஒடுக்கினா எல்லாம் பளிச்செண்டு விழும்.”

“நம்பரும்?”

“ஓம், நம்பரும். ஆனா அப்பிடி எடுக்கிறதுக்கு இந்த லென்ஸ் ஏன், மாமி?”

தெரியாமல் செய்தான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். தெரியாதவனை மன்னிக்கலாம்.

“பூக்குமோ? கண்ணில பூ விழுந்தா ஆசுபத்திரிக்குக் கொண்டு போறம். நீ பூ விழுந்த கண்ணைக் காசு குடுத்து வாங்கி, அதாலயாடா எனக்குச் சாட்சி எடுத்தாய்? நான் சோறு கேட்டு வந்தன். நீ கோலம் போட்டுக் காட்டியிரிக்காய்!”

“மாமி, ஆக்கள் பாக்காங்க...”

“பாக்கட்டும்! எழும்பு. மோட்டார் சைக்கிளை எடு.”

நல்ல உச்சி வெயிலில் துறைக்கு வந்தார்கள். டிப்பர் ஒன்று கீக்கீ என்று கத்திக்கொண்டு பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஜெயரூபன் லென்ஸ் வளையத்தைத் திருகி வாயை ஒடுக்கினான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“ரெண்டா தெரியுது, மாமி. இந்தக் கமராவில ரெண்டு உருவமும் ஒண்டாகினாத்தான் படம் தெளிவா விழும். ஓடுற வாகனத்தில ஒண்டாகுதில்ல.”

“நிண்டா ஒண்டாகுமா?”

அவன் பதில் சொல்லுமுன் அவள் இறங்கிவிட்டாள். டிப்பரின் பின்புறத்துக்கு நேரே, செம்மண்ணும் தண்ணீரும் சேரும் இடத்தில், இலக்கத் தகட்டை ஒட்டி நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. சாரதி தலையை நீட்டினான்.

“ஏய் கிழவி! சாகப்போறியா?”

“ஆர்டா கிழவி? உன்ட கொம்மாட்டப் போய்ச் சொல்லு!” பிறகு மருமகன் பக்கம் கிறுகினாள். “என்ட மூஞ்சியைப் பாக்காத! நம்பரைப் பாரு! ஒண்டாச்சா?”

“ஆச்சு, மாமி!”

கமரா சத்தம் போட்டதே கேட்கவில்லை. சாரதி இறங்கி ஜெயரூபனை நோக்கிப் பாய்ந்தான். தண்ணீருக்குள் நின்ற பெண்கள் அத்தாங்குகளோடு கரையேறினார்கள். ஒருத்தியும் கை ஓங்கவில்லை. ஈரச் சீலையோடு அவனைச் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். அவன் ஏசிக்கொண்டே திரும்பி ஏறினான்.

அடுத்த நாள் உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. இலக்கம், கிறவல், தண்ணீர், கண்ணா வேர், வாய் பிளந்து கத்துகிற ஒரு பெண், எல்லாம் புதுப் படத்தில் தெளிவாக இருந்தன. விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தும்படி கடிதம் எழுதினார்.

“கொட்டினதை ஆர் அள்ளுறது, ஐயா?”

“அது எங்கட வேலையில்ல, அம்மா. வேற கந்தோர்.”

தெய்வமணி எழும்பி வந்துவிட்டாள். அந்த வேறு கந்தோர் எங்கே என்று கேட்கக்கூட மனம் வரவில்லை. யாரையாவது அறைந்தால் தேவலை என்றிருந்தது.

பின்னேரம் பெண்கள் மண்வெட்டியும் மண் அள்ளும் தாச்சியுமாகத் துறைக்கு வந்து கிறவலை வெட்டத் தொடங்கினார்கள். வெட்ட வெட்டக் கல்லில் பட்டு மண்வெட்டி துள்ளியது. தண்ணீர் வர இன்னும் எவ்வளவோ கிடந்தது. ஜெயரூபன் வந்து சற்றுத் தள்ளி நின்று, சாயும் வெயிலைப் பார்த்தான். கை தன்பாட்டில் கமராவுக்குப் போனது.

“மாமி, இப்பிடியே ஒரு நிமிசம்...”

அவள் நிமிர்ந்தாள். மண்வெட்டியை அவன் காலடியில் எறிந்தாள்.

“அதைக் கண்ணாக் கொப்பில கொழுவிப்போட்டு இறங்கடா.”

அவன் கமராவைக் கொழுவினான்; சப்பாத்தையும் கழற்றினான். அவள் தாச்சியைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றாள். அவன் முதல் வெட்டு வெட்டும்வரை கண்ணை எடுக்கவில்லை.