நாலு பக்கமும் தெரியுதா?

லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இருந்தும் அவள் படியேறினாள். லிஃப்டில் போனால் சட்டென்று போய்ச் சேர்ந்துவிடுவோம் என்ற பயம். கடைசித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே, திறந்து கிடந்த வீட்டு வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அப்பா செத்துப்போயிருக்கிறார். அவளுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. உள்ளே இருக்கும் அத்தனை பேரும் அவள் சிரித்ததைக் கேட்டவர்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "இந்த ஊர்ல இருக்கிற உசரமான கட்டடம் பூரா ஏறியிருக்கேன். ஒண்ணுலயாவது வெளிய எட்டிப் பாத்திருப்பேனா? குழாய்க்குள்ள போற எலி மாதிரிதான் போயிட்டு வந்தேன்" என்பார். ஓய்வு பெற்றதும் ஊருக்கு வெளியே இருக்கும் மலைமேல் ஆசை வந்தது. செங்குத்தான பாதை. கடைசியில் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய மொட்டைப் பாறை. உச்சியில் நின்றால் நாலு பக்கமும் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது போதாதா அவருக்கு!

திட்டம் போட்டது அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையே மலையாகிவிடும். உப்பு ஜாடி உச்சி. கவிழ்த்த கிண்ணம் மொட்டைப் பாறை. கரண்டிதான் சங்கிலி. எங்கே உட்காருவது, எவ்வளவு தண்ணீர் சுமப்பது, வெயில் ஏறுமுன் எதைத் தாண்டியிருக்க வேண்டும் என்று அப்பாவும் பெண்ணும் மல்லுக்கட்டுவார்கள். அவள் சொன்னபடி அப்பா தண்ணீர் பாட்டில்களை முதுகுப்பையில் நிரப்பிக்கொண்டு இதே படிகளில் ஏறி இறங்கினார். டாக்டரிடமும் கூட்டிப் போனாள். "என்னைவிட நல்லா இருக்கீங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினார் அவர்.

அம்மாவுக்கு மலையோடு சண்டை இல்லை. வார்த்தையோடுதான் சண்டை.

"நான் மேல போறதுக்கு நாள் குறிச்சாச்சு" என்பார் அப்பா, வேண்டுமென்றே.

"வாயைக் கழுவுங்க மொதல்ல. மலைக்குப் போறேன்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"மலைக்குப் போறவன் பாதியிலயே நின்னுடுவான். மேல போனாத்தான் போன மாதிரி."

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மகள் எப்போதும் அப்பா கட்சி. "அப்பா மேல போறாரு, எல்லாரும் வழியனுப்ப வாங்க" என்று அவளும் சேர்ந்து பாடுவாள்.

இன்று காலை ஒத்திகை. அவள் தம்பியோடு அப்பா பாதி மலை மட்டும் ஏறி இறங்குவதாகப் பேச்சு. உச்சி அடுத்த வாரம், அவளும் சேர்ந்து. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒருவருக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா... அப்பா மேல போயிட்டாருக்கா."

"அடப்பாவி! அதுக்குள்ளயா?" அவள் சிரித்துவிட்டாள். "பாதியிலயே திரும்பிடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டாரா மனுஷன்! சரி, எப்படி இருக்கு? நாலு பக்கமும் தெரியுதா?"

தம்பி அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு அது மூச்சு வாங்குவதுபோலக் கேட்டது.

"என்னடா இப்படி இரைக்குது உனக்கு? கிழவர் உன்னை முந்திட்டாரா? அம்மாகிட்ட நானே சொல்றேன், உம் புருஷன் மேல போயிட்டாருன்னு. மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்!" கண்ணாடி வாங்க வந்தவரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்.

அப்போது அத்தையின் குரல் வந்தது. அப்பாவின் அக்கா. "அடியே, நிறுத்துடி. உங்கப்பன் செத்துக் கிடக்கான்."

தம்பி போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தான். வீட்டை விட்டு அவர்கள் கிளம்பவே இல்லை. இரண்டாவது ஷூவை மாட்டக் குனிந்த அப்பா நிமிரவில்லை. அவர் தலைமாட்டிலிருந்துதான் அவள் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

இனியும் நிற்க முடியாது. அவள் உள்ளே போனாள்.

"வாம்மா" என்றாள் அத்தை. "சிரிச்சு முடிஞ்சுதா?"

எதிர்வீட்டு டீச்சர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடும்மா. அதிர்ச்சியில சில பேருக்கு அப்படித்தான் சிரிப்பு வந்துடும்."

"இல்ல டீச்சர், எனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். விளக்க வேண்டுமென்றால் அந்த வேடிக்கையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுவும் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு. "ஆமா டீச்சர்" என்றாள்.

அப்பாவைக் கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்தார்கள். போர்வைக்கு வெளியே ஒரு காலில் ஷூ. மற்றது வெறுங்கால். கழற்ற வந்தவர்களை அம்மா விடவில்லையாம். அம்மா அந்தக் கால்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தபோது முழங்காலை ஒதுக்கி இடம் விட்டாள். அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"அம்மா, நான் நெனச்சது வந்து..."

அம்மா போர்வையை நீவிவிட்டாள். திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. உம் புருஷன் மேல போயிட்டாரு என்று தான் சொன்னது அம்மாவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தபோது தரை பிளந்து விழுங்கிவிடாதா என்று தோன்றியது.

சமையலறைக்குள் போய்த் தம்பியைப் பிடித்தாள். "செத்துட்டாருன்னு நேரா சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?"

"வாயில வரலக்கா. இந்த வீட்ல தினம் அந்த வார்த்தைதானே. அதுதான் வந்துச்சு." அவன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

மதியத்துக்குப் பின் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். மூத்தவரை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நகக்கண்ணில் அந்தக் கறுப்பு போனதே இல்லை. லிஃப்டைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு வந்து அம்மாவின் முன் குனிந்தார்.

"அண்ணி, வண்டி கீழ வந்துடுச்சு. லிஃப்ட்ல படுக்க வைக்க இடம் பத்தாது. நிக்க வச்சுக் கொண்டுபோக எனக்கு மனசு வரல. நாங்க படியில இறக்கிடறோம்."

அம்மா தலையசைத்தாள். ஸ்ட்ரெச்சரைத் தோளில் தூக்கி வாசலுக்கு வந்தார்கள். கிரீஸ் முதல் படியில் காலை வைத்தார்.

"கீழ வேணாம்" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மொதல்ல மேல கொண்டு போங்க. மொட்டை மாடிக்கு."

"உனக்கென்ன புத்தி கலங்கிடுச்சா?" என்றாள் அத்தை. "செத்தவனை எங்கயாவது மேல தூக்குவாங்களா? ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்." அம்மா அன்று முதல் முறையாக மகளைப் பார்த்தாள். "நாலு பக்கமும் தெரியுதான்னு அவரைக் கேட்டல்ல? வா. வந்து நீயே காட்டு."

அது திட்டா, வேறு ஏதாவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. முகம் எரிந்தது. கூட்டம் முழுவதும் பார்த்திருக்க, தலையைக் குனிந்துகொண்டு முன்னால் ஏறினாள்.

மாடிக் கதவின் சாவி கிரீஸிடம் இருந்தது. லிஃப்ட் மோட்டார் அறை மேலேதான்; அதைப் பார்த்துக்கொள்வது அவர். கதவைத் திறந்ததும் காற்று அடித்தது. கொடி முழுக்கப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

"எங்க நிக்கணும்?" என்றார் கிரீஸ் மூச்சு வாங்க.

அம்மா மகளைப் பார்த்தாள்.

"நடுவுல" என்றாள் அவள். குரல் கிழிந்து வந்தது. "மெதுவா திரும்புங்க. இந்தப் பக்கம்... இந்தப் பக்கம் ஆறுப்பா. அது பழைய பாலம். இங்க ரயில்வே ஸ்டேஷன். அந்த உசரமான கட்டடமெல்லாம் நீ ஏறினதுதான்."

ஸ்ட்ரெச்சர் மெல்லத் திரும்பியது. நாலாவது பக்கம் விரிப்புகள்தான் தெரிந்தன. அவள் ஓடிப்போய் கிளிப்புகளைப் பிடுங்கினாள். வைக்க இடமில்லாமல் வாயில் கவ்விக்கொண்டாள். ஒரு விரிப்பு, அடுத்தது, அதற்கடுத்தது. ஈரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு விலகி நின்றாள். மலை இருந்தது. தூரத்தில், புகை மூட்டத்தில், உப்பு ஜாடி உயரத்துக்கு.

அதைச் சொல்ல வாய் காலியாக இல்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அத்தையும் ஏறி வந்துவிட்டிருந்தாள். ஷூவின் கயிறு அவிழ்ந்து காற்றில் ஆடியது. அம்மா அதைப் பிடித்து இறுக்கிக் கட்டினாள்.

"இறங்கலாமா அண்ணி?" என்றார் கிரீஸ்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அம்மா. "இப்பத்தானே மேல வந்திருக்காரு."

அவர்கள் தோளை மாற்றிக்கொண்டு நின்றார்கள்.