வேனால் என்ன பிரயோசனம்?

பனியன் கம்பெனி ஆரம்பித்த எட்டாம் வருஷம், பொங்கலூர்ப் பக்கத்து ஆட்களை ஏற்றி வர கந்தவேல் ஒரு பழைய மெட்டடார் வேன் வாங்கினார். எட்டரைக்கு டாணென்று எல்லோரும் வந்து நிற்பார்கள் என்பது அவர் எண்ணம். வேன் ஊர் ஊராக நின்று, ஹாரன் அடித்து, காத்திருந்து, எட்டே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் ஆளாளுக்குத் தனித்தனியாக லேட். இப்போது எல்லோரும் சேர்ந்து லேட்.

நாலு மாதம் பொறுத்தவர், செக்கிங் பகுதியைக் கவனித்துக்கொண்ட மயிலாளைக் கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, இந்த வேனால என்ன பிரயோசனம்னு நீயே சொல்லு. ஒண்ணுமில்லீன்னா மாசக் கடைசில வித்துப்போடறேன்."

"சனிக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. பாத்துச் சொல்றனுங்க."

பிரயோசனம் என்னவென்று அவளுக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்கிற பிரயோசனம் இல்லை, அவ்வளவுதான். அவள் புருஷன் நல்லான் அதே கம்பெனியில் கீழ்த்தளத்தில் கட்டிங் மாஸ்டர்; அவளுக்கு மாடியில் வேலை. வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார் குடும்பம் என்று ஒன்பது பேர். 'சோறு போடட்டுங்களா' என்பதற்கு மேல் அவனிடம் ஒரு வார்த்தை பேச வாய்க்காது. முன்பு அவன் சைக்கிளில் வருவான், அவள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள். இப்போது வேனில் மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில், போக முக்கால் மணி, வர முக்கால் மணி. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து இந்த நாலு மாதத்தில்தான் அவனுக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதே அவளுக்குத் தெரிந்தது.

லேட் நோட்டைப் புரட்டினாள், ஒன்றும் மாறவில்லை. லீவு நோட்டும் அப்படியே. கடைசியில் தன் மேஜையில் கிடந்த ரிஜெக்ட் நோட்டை எடுத்தாள். மாசியில், அளவு குறைந்து கழித்த பீஸ்கள் லாட்டுக்கு நாற்பதுக்கு மேல். வேன் வந்தது பங்குனியில். ஆனியில் ஆறு, ஏழு. இது எப்படி? துணி நல்லதாக வருகிறதோ என்று ஸ்டோரில் கேட்டாள். "அதே மில்லு, அதே துணிதானுங்க" என்றார்கள்.

அன்று சாயங்காலம் வேனில் நல்லானையே கேட்டாள்.

"ஏனுங்க, கட்டிங்ல எதாச்சும் மாத்துனீங்களா?"

"மாத்துனது நீ. வேன் வந்த புதுசுல, முந்தாநேத்து வெட்டுன பீசு அரை இஞ்சு கம்மின்னு இங்க உக்காந்துதான வறுத்தெடுத்த? யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்குத் துணி உருளைய விரிச்ச ஒடனே வெட்டிப்போட்டோம். வெட்டுனப்பறம் சுருங்கிக்கிச்சு. இப்ப ராத்திரி பூரா விரிச்சுப் போட்டுட்டுத்தான் கத்தி வெக்கறது."

"அதுக்கு முன்னால தெரியாதாக்கும்?"

"யாரு சொன்னாங்க? மாசக் கடைசில மேனேஜரு வந்து கத்துவாரு. என்னைக்கு வெட்டுனது, எந்தத் துணின்னு எனக்கென்ன சோசியமா தெரியும்?"

மயிலாள் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் அயர்ன்காரப் பெண் ஒருத்தி, தோள்பட்டைத் தையல் சுருக்கம் விழுவதைப் பற்றி ஓவர்லாக் டெய்லர் ராமாத்தாளிடம் சண்டைக்கு நின்றுகொண்டிருந்தாள். கம்பெனிக்குள் அந்த இரண்டு பேரும் பேசி அவள் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை நோட்டோடு போய், வேனில் நடக்கிற பேச்சால் ரிஜெக்ட் குறைந்த கதையைச் சொன்னாள். கந்தவேல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"அட, இப்படியொண்ணு இருக்குதா! அப்ப வேன் எதுக்கம்மிணி? தெனம் காலைல பத்து நிமிசம் மீட்டிங் போட்டாப் போச்சு!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திங்கட்கிழமை மீட்டிங் நடந்தது. "யாருக்கு என்ன கொறை, தைரியமாச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். "எல்லாம் நல்லாருக்குதுங்க மொதலாளி" என்றாள் ராமாத்தாள். அதோடு முடிந்தது.

சாயங்காலம் வேன் கேட்டைத் தாண்டும்போது, ஓரமாக நின்ற அவர் காதில் அதே ராமாத்தாளின் குரல் விழுந்தது.

"ஏப்பா கட்டிங்கு, கழுத்தைப் பானை வாயாட்ட வெட்டிப்போட்டா நான் எதைப் புடிச்சுத் தெக்கறது?"

மறுநாள் மயிலாளைக் கூப்பிட்டார்.

"வேன் ஓடட்டும். ஆனா சீட்டு இனி நான் போடறேன். கட்டிங்கும் செக்கிங்கும் சரியாப் போச்சு. இப்பத் தகராறு தையல்லதான். நல்லான் பக்கத்துல ராமாத்தாள் உக்காரட்டும். நீ பின்னால அயர்ன்காரங்ககூட உக்காந்துக்க."

'சரிங்க' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அது ஆவாதுங்க."

"ஏன்?"

"ஒரு பிரயோசனத்த நான் சொல்லாம உட்டுட்டனுங்க." காது மடல் சுட்டது. "ஊட்டுல ஒம்பது பேருங்க. எங்கூட்டுக்காரர்கிட்ட நான் பேசறதே வேன்லதானுங்க."

கந்தவேல் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அதுக்காக வேன் ஓட்டுவீங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஓட்டமாட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, சிரித்தார். "சரி, காலைல வர்றப்ப கம்பெனிக்கு. சாயங்காலம் போறப்ப உங்களுக்கு. போதுமா?"

அன்று சாயங்காலம் வேன் புறப்பட்டதும் முன்வரிசையிலிருந்து ராமாத்தாள் நல்லான் பக்கம் திரும்பினாள்.

"ஏப்பா, அந்தக் கழுத்து..."

"காலைல பேசிக்கலாங்க்கா. இப்ப முன்னால பாருங்க" என்றாள் மயிலாள்.