இரண்டு அலைகளுக்கு நடுவே

தம்பி மதியமே கீழே இறங்கிவிட்டான் என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். காற்றில் கட்டடம் ஆடாமல் அடக்க ஐம்பது மாடி உச்சியில் தொங்கும் ராட்சத எடைக்கு எண்ணெய் போடுவது அவன் வேலை. கீழே கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து அதன் ஆட்டத்தைத் திரையில் பார்ப்பது அவள் வேலை. ஒரே வீட்டுச் சோறு, ஒரே வீட்டுப் பிடிவாதம்.

காற்று வலுத்தது. திரையில் இரண்டு அலைகள் ஓடின. சிவப்பு கட்டடத்தின் ஆட்டம், நீலம் எடையின் ஆட்டம். வழக்கமாக நீலம் கால் அலை பின்தங்கி வரும். அந்தப் பின்தங்கல்தான் கட்டடத்தை அடக்கி வைக்கும். இன்று இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. அவள் மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அலையோட உயரம் அளவுக்குள்ளதானே இருக்கு?" என்றார் மேலாளர். "ஒரு ஆட்டத்துக்கு ஆகுற நேரமும் மாறல. எதுக்கும்மா பதறுறே?"

"வீச்சும் சரி, அலைவு நேரமும் சரி சார். ஒண்ணுக்கு ஒண்ணு முன்ன பின்ன வர்ற கட்டம்தான் தவறிப்போச்சு. நீலம் பின்னால வரணும். எடையை நிறுத்துற இரும்புப் பிடி உரசிக்கிட்டு நிக்குது போல. எடையும் கட்டடத்தோட சேர்ந்தே ஆடுது. காத்து இன்னும் ஏறினா அடக்க ஆளில்ல. இங்கேயிருந்தே பிடியைத் திறந்துவிடுங்க."

மேலாளர் லேசில் மசிகிறவரா? ஆனால் அவளும் விடுவதாக இல்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையுமே. ஒருவழியாகத் தலையாட்டிவிட்டு, பொத்தான் பக்கம் கையை நீட்டினார்.

திரையை மறுபடி பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. உரசுகிற எடை கொஞ்சமாவது பின்தங்கும். இங்கே மயிரிழைகூட விலகல் இல்லை. அப்படியென்றால் யாரோ மேலே போய்ப் பிடியை இறுகப் பூட்டியிருக்கிறார்கள். எண்ணெய் போடும்போது எடை ஆடாமலிருக்க அப்படிப் பூட்டுகிறவன் ஒருவன்தான். "ரெண்டு நிமிஷ வேலைக்கு எச்சரிக்கைப் பலகை எதுக்குக்கா?" என்று சிரிக்கிறவன். எடைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டுதான் எண்ணெய் போடுவான், பாவி.

"சார், அழுத்தாதீங்க!"

"அழுத்திட்டேனேம்மா. நீதானே சொன்னே?"

நீல அலை சிவப்பை விட்டு மெல்லப் பிரிந்து, பாடப் புத்தகத்தில் வரைந்தது போல அழகாகப் பின்தங்கத் தொடங்கியது. இத்தனை நேரம் அவள் வாதாடிக் கேட்டது அந்த இடைவெளியைத்தான். தம்பியைக் கைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இடைவெளி அகலமாகிக்கொண்டே போனது.