பதக்கத்தின் ஊசி

கைதான மறுநாள் சாயங்காலம்தான் பூட்டு ரிப்பேர்காரருக்கு ஒரு வக்கீல் கிடைத்தார். நகைக்கடையின் பின்கதவை யாரோ சாவியில்லாமல், ஒரு கீறல்கூட விழாமல் திறந்திருந்தார்கள். இவ்வளவு சுத்தமாக வேலை செய்யத் தெரிந்தவர் வட்டாரத்தில் இவர் ஒருவர்தான் என்பது இன்ஸ்பெக்டரின் கட்சி. வேறு சாட்சி கிடையாது. பாராட்டே குற்றச்சாட்டாக வந்து விடிந்தது.

வக்கீலின் கோட்டில் ‘சட்டச் சுடர்’ என்று ஒரு பதக்கம் மின்னியது. ஐந்து மணிக்கு ‘கைதானவரின் உரிமைகள்’ பற்றி மேடையில் பேசப் போகிறார்; போகிற வழியில் கைதானவர் ஒருவரையும் பார்த்துவிடலாமென்று வந்திருந்தார்.

“வக்கீலும் கட்சிக்காரரும் தனியா பேசறது எங்க உரிமை!” என்று முழங்கி, விசாரணை அறைக் கதவை அவரே ஓங்கிச் சாத்தினார். இரும்புக் கதவு. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம்.

“நல்லா கேட்டுக்கப்பா. வாயைத் திறக்காதே. எதையும் தொடாதே. மௌனம் உன் உரிமை. ஜட்ஜ் முன்னால நிறுத்தினதும் விட்டுடுவாங்க.”

வாயைத் திறக்காதே என்பதைப் பூட்டுக்காரரின் மனைவி பதினெட்டு வருஷமாகச் சொல்லிவருகிறாள், பதக்கம் எதுவும் இல்லாமலே. தலையாட்டினார்.

ஆலோசனை ஏழு நிமிஷத்தில் முடிந்தது. அதில் ஐந்து நிமிஷம் பதக்கம் கிடைத்த கதை. வக்கீல் எழுந்து கதவைத் தட்டினார்.

“சாவி இன்ஸ்பெக்டர்கிட்ட இருக்கு சார்,” என்றது வெளியே காவலரின் குரல். “வெளிய போயிருக்காரு.”

“எப்போ வருவாரு?”

“வர்றப்போ சார்.”

மணி நாலரை. ஜன்னல் இல்லை. மின்விசிறியின் சுவிட்ச் வெளிப்பக்கம். வக்கீல் தன் உரையை விசிறியாக்கிக்கொண்டார். ‘சுதந்திரம் என்பது மூச்சுக்காற்று’ என்ற முதல் வரி வியர்வையில் கரைந்தது.

“ஏம்பா,” குரல் இறங்கியது, “இந்தப் பூட்டைத் திறக்க உனக்கு எவ்வளவு நேரமாகும்?”

கட்சிக்காரர் வாயைத் திறக்கவில்லை.

“என்கிட்ட பேசலாம்பா!”

“ரெண்டு நிமிஷம் சார். ஆனா நகைக்கடைப் பூட்டும் இதே கம்பெனிதான். இதைத் தொட்டா, அதையும் நான்தான் திறந்தேன்னு எழுதிடுவாங்க. ஜட்ஜ் முன்னால நிறுத்தினதும் விட்டுடுவாங்க, எதையும் தொடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். அது பொதுவா சொன்னது.”

பூட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். வக்கீல் பொறுமையிழந்து, பதக்கத்தைக் கழற்றி, அதன் ஊசியைச் சாவித் துவாரத்தில் விட்டுக் குடைந்தார். பல் குத்துகிற நேர்த்தி. தொழில் தெரிந்தவருக்கு இதைவிடச் சித்திரவதை உண்டா? பார்க்கச் சகிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குருட்டாம்போக்கில், நாலாவது குடைச்சலுக்குப் பூட்டு மனமிரங்கியது. கதவு திறந்தால், எதிரே கையில் சாவியுடன் இன்ஸ்பெக்டர்!

“பலே!” இன்ஸ்பெக்டரின் பார்வை வக்கீலைத் தாண்டி, பூட்டுக்காரர் மேல் போய் நின்றது. “சாவியில்லாம திறந்துட்டான் பாரு. எழுதுய்யா, கண்ணால பார்த்தோம்னு.”

“ஐயோ சார், நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்! வக்கீல் சார்தான் திறந்தாரு. இவரே திறக்கறாருன்னா யாரு வேணா திறந்திருக்கலாமே! சொல்லுங்க சார்!”

“அப்படியா சார்?” இன்ஸ்பெக்டர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “காவல்ல இருக்கறவனோட அறையைத் திறந்துவிட்டது நீங்களா? அதுக்குத் தனி கேஸ் இருக்கு. உங்க பேரை எழுதிக்கட்டுமா?”

வக்கீல் பதக்கத்தைக் கோட்டில் குத்தினார். ஊசி வளைந்துவிட்டதால் சுடர் தலைகீழாகத் தொங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு நாலு நிமிஷம்.

“இதைப் பத்தி நான் எதுவும் பேச விரும்பல,” என்றார். “மௌனம் என் உரிமை.”

அவர் போனதும் இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். பூட்டு தானே விழுந்தது.

உள்ளே பூட்டுக்காரர் சாவித் துவாரத்தையே பார்த்தார். இரண்டு நிமிஷ வேலை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.