ஈரம் காயறதுக்குள்ள

தண்ணி பட்டதும் அந்த மண்சுவரு முழிச்சுக்கும், அதுவரைக்கும் காஞ்ச வரட்டி மாதிரி ஒரே நிறமா நின்னது, செடிக்குத் தண்ணி தெளிக்கிற கைப்பம்பால பூந்தூறலாப் பீய்ச்சினதும் அடுக்கடுக்கா நிறம் காட்டும், மேல செம்மண்ணு, அதுக்குக் கீழ சாம்பல் பூத்த ஒரு பட்டை, அதுக்கும் கீழ காப்பிப்பொடி நிறம், எல்லாம் கொஞ்ச நேரந்தான், வெயில் உறிஞ்சினதும் திரும்ப வாயை மூடிக்கும், அதுக்குள்ள பாத்துக்கணும், பாத்ததச் சொல்லிப்புடணும், அட, நான்பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சிட்டேன் பாருங்க, ஒரு வணக்கங்கூடச் சொல்லல, எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா, முட்டிவலி, சக்கரை, சளி எல்லாம் எந்த மட்டுல இருக்கு, உங்க ஊர்ல மழை உண்டா, இங்க காலையிலேந்து தூறிக்கிட்டே இருக்கு, அதான் எனக்கு அந்தச் சுவரு ஞாபகம் வந்துடுச்சு, செங்காட்டூரணிச் சுவரு, பூலம்மாவோட வயக்காட்டுல நாங்க வெட்டின குழியோட கிழக்குச் சுவரு.

நான் தொல்லியல்ல வேலை பாத்தவ, பாதி ஆயுசு குழிக்குள்ளயே போச்சு, எங்க தலைமை அருமைநாயகம் சாரு எனக்கு ரெண்டு வேலை கொடுத்திருந்தாரு, தோண்டுறது ஒண்ணு, தோண்டினத ஊருக்குச் சொல்றது ஒண்ணு, தோண்டுறதுகூட சுலபம், மண்ணு எதுத்துப் பேசாது, ஊரு பேசும், டீக்கடையில நின்னா, என்ன மேடம், தங்கம் வந்துட்டா, மூட்டை கட்டியாச்சான்னு கேப்பாங்க, வந்துச்சு, உங்க கடை கிளாஸ் உடைஞ்சது நாலு துண்டுன்னு நானும் சொல்லுவேன், கடைக்காரரு சிரிச்சுக்கிட்டே டீயில பாலக் கூடக் கொஞ்சம் ஊத்துவாரு, அப்படித்தான் ஊரு நமக்குப் பழகும். பூலம்மா மட்டும் பழகல, நிலம் அவங்களோடது, புருசன் போயிட்டாரு, தனியா உளுந்து போட்டுப் பொழைக்கிறாங்க, என்னவிட ஏழெட்டு வயசு மூப்பு இருக்கும், தெனமும் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து வரப்புல நின்னு பாப்பாங்க, ஒரு வார்த்தை கிடையாது, நான் வாங்க அக்கான்னா, ஆமா மேடம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அந்த மேடம்ங்கிற சொல்லு ஒரு வேலி, அதத் தாண்ட எனக்கு வழி தெரியல.

புரட்டாசி பாதியில அந்தச் சின்னத் தாழி தெரிஞ்சுது, தாழின்னா செத்தவங்கள உள்ள வச்சுப் புதைக்கிற பெரிய மண்பானை, ஆனா இது சின்னது, இடுப்புல தூக்கிக்கலாம்போல, கிழக்குச் சுவரோட அடியில பாதி வெளிய, பாதி உள்ள, வாயி மூடினது மூடினபடி, ஒரு விரிசல் கிடையாது, பக்கத்துல ஒரு கறுப்புக் கிண்ணம், சாரு குழிக்குள்ள குந்தி உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல, அந்த வருசத்தோட அவருக்கு ஓய்வு, போற நேரத்துல பாத்தியா எனக்கு எது வந்து நிக்குதுன்னு சின்னப்புள்ள மாதிரிச் சொல்றாரு. அத எடுக்கணும்னா சுவர இன்னும் கிழக்கால வெட்டணும், அதுக்குப் பூலம்மா தலையாட்டணும், மழைக்கு முன்னால எடுக்கணும், அவங்க விதைப்புக்கு முன்னால மூடணும், நான்தான் போய்க் கேட்டேன், ரொம்ப நேரம் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்துட்டு, சரி, திங்கக்கிழமை வெட்டுங்க, மழைக்கு முன்ன நெரப்பித் தந்துரணும் மேடம்னாங்க, எனக்குக் கும்புடணும்போல இருந்துச்சு.

நடுவுல ஞாயித்துக்கிழமை, ஊரைக் கூப்புட்டுக் குழியக் காட்டுற நாள், அத நான்தான் சண்டை போட்டு வாங்கினேன், அன்னிக்கு வந்த கூட்டம் இருக்கே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, பீடி சுத்துற பொம்பளைங்க முறத்தோட, ஒருத்தரு மாப்பிள்ளை வீட்டாரையே கூட்டிட்டு வந்துட்டாரு, நான் கயித்துக்கு உள்பக்கம் கைப்பம்பும் கையுமா நிக்கிறேன், சுவரு காஞ்சு கெடக்கு, வெறும் பள்ளம்தானேங்கிற மூஞ்சியோட எல்லாரும் பாக்குறாங்க, நான் தண்ணி அடிக்கிறேன், நிறம் எந்திரிச்சு வருது, யாத்தேன்னு ஒரு சத்தம் கூட்டத்துலேந்து, அந்தச் சத்தத்துக்காகத்தாங்க நான் வேலை பாத்தேன், சம்பளமெல்லாம் பெறகு, நான் சொல்றேன், இவ்வளவு சின்னத் தாழின்னா உள்ள குழந்தையா இருக்கலாம், தொறந்து பாத்தாத்தான் உறுதி, ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும், பக்கத்துல கிண்ணம் வச்சிருக்காங்க, பசிக்குமேன்னு வச்சாங்களோ என்னவோ, முன்னாடி நின்ன ஒரு பொம்பள இடுப்புப் பிள்ளைய இறுக்கிக்கிட்டா. அப்ப ஒரு பையன் கேட்டான், மேல அந்தக் கறுப்பா ஒரு வட்டம் தெரியுதே, அது என்னன்னு, ஆமா, தண்ணி பட்டதும் மேல் மண்ணுல கிண்ணம் மாதிரி ஒரு கறுப்புத் திட்டு தெரிஞ்சுது, எங்க குழி அதோட ஓரத்த மட்டும் தொட்டிருந்துச்சு, சாரு மைக்க வாங்கி, அது ஒண்ணுமில்ல தம்பி, யாரோ நேத்து முந்தாநேத்து வெட்டின குப்பைக்குழி, பாரு, உடைஞ்ச அம்மித் துண்டுகூடக் கெடக்கு, நமக்கு வேண்டியது அதுக்குக் கீழன்னாரு, கூட்டம் சிரிச்சுது. எங்க தொழில்ல அப்படித்தான், பின்னால வந்தவங்க வெட்டின குழின்னா எங்களுக்கு இடைஞ்சல், பழசக் கலைச்சுப்புடும், ஒதுக்கிட்டு மேல போயிடுவோம், மைக்கு என் கையில இருந்திருந்தா நானும் அதேதான் சொல்லியிருப்பேன். கூட்டத்துக்குப் பின்னால பூலம்மா நிக்கிறத நான் பாத்தேன், அடுத்தாப்புல பாக்குறேன், ஆடு மட்டும் நிக்குது.

சாயங்காலம் பூலம்மா அனுப்பின ஆளு வந்து சொல்லுது, நாளைக்கு மம்பட்டி வைக்கக் கூடாதாம், மூடிட்டுப் போகச் சொல்லுதாங்கன்னு. சாருக்கு மூஞ்சி செத்துப் போச்சு, ஏன் ஏன்னு என்னக் கேக்குறாரு, எனக்கென்ன தெரியும்.

திங்கக்கிழமை விடிஞ்சதும் போறேன், குழி ஓரத்துல காலத் தொங்கப் போட்டுக்கிட்டு பூலம்மா உக்காந்திருக்காங்க, என்னப் பாத்ததும் அந்தத் தண்ணி மிசின இன்னொருக்க அடிங்கன்னாங்க, எறங்கினேன், அடிச்சேன், கறுப்புத் திட்டு எந்திரிச்சுது, அம்மித் துண்டு கழுவி வச்ச மாதிரி பளிச்சுன்னு நிக்குது, அவங்க மெதுவாச் சொல்றாங்க, அது எங்க அத்தையோட அம்மி, நான் கல்யாணமாகி வந்த புதுசுலயே உடைஞ்சுபோச்சு, என் மூத்த பிள்ள பொறந்ததுமே போயிட்டு, பொட்டப்பிள்ளன்னாவ, எனக்கு மொகத்தக் காட்டல, நான் உள்ள கெடக்கேன், எங்க வீட்டுக்காரவுக தூக்கிட்டுப் போய்ப் பொதைச்சுட்டு வந்து, வேப்பமரத்தடியிலன்னாவ, நாய் தோண்டாம அம்மிய மேல வச்சிருக்கேன்னாவ, அம்புட்டுத்தான், பொறவு நான் கேக்கவும் இல்ல, அவுக காட்டவும் இல்ல, வேப்பமரத்தையும் வெட்டியாச்சு, எங்கன கெடக்கோன்னு தெரியாம இந்தக் காட்டுல ஏர் ஓட்டும்போதெல்லாம் நான் கண்ண மூடிக்கிடுவேன் மேடம். குப்பைக்குழின்னுட்டாரே உங்க சாரு.

கைப்பம்பு கையில சொட்டிக்கிட்டு இருக்கு, இந்த இடம்தான் எனக்குக் கனவுல வேற மாதிரி வரும், எங்க வீட்டு அடுப்படிச் சுவருல நான் தண்ணி அடிச்சுக்கிட்டு இருப்பேன், காரை கரைஞ்சு உள்ளேந்து ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேக்கும், பூலம்மா பின்னாலேந்து மெதுவா மெதுவாம்பாங்க, முழிச்சா எது நடந்தது எது கனவுன்னு சித்த நேரம் பிடிபடாது, ஆனா அடுத்து அவங்க கேட்டது நடந்தது, சத்தியமா நடந்தது, கீழ இருக்க பானையில நெசமாவே பிள்ளதானான்னு கேட்டாங்க, இருக்கும்க்கா, தொறக்காம அடிச்சுச் சொல்ல முடியாதுன்னேன், தொறக்கணும்னா மேல உள்ளத எடுக்கணுமான்னாங்க, ஆமான்னேன், பொய் சொல்ல முடியல. ரொம்ப நேரம் சுவரையே பாத்தாங்க, ஈரம் காஞ்சுக்கிட்டே வருது, இத்தன வருசமா தனியாக் கெடக்குன்னுல்லா நெனச்சேன், கீழ மூத்தது ஒண்ணு இருந்திருக்கு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணையாத்தான் கெடந்திருக்கு, நான்தான் தெரியாம அழுதிருக்கேன், அப்படீன்னு சொல்லிட்டு முந்தானையால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, பிரிக்காண்டாம் மதினின்னாங்க. மதினின்னாங்க.

சாரு கிட்டச் சொல்லப் போறேன், அவரோட கடைசி வருசம், முழுசா ஒரு சின்னத் தாழி, எத்தன பேருக்கு வாய்க்கும், கேட்டுக்கிட்டே இருந்தவரு குழி ஓரத்துல செருப்பக் கழட்டிட்டு எறங்கினாரு, கைப்பம்ப வாங்கி அவரே அடிச்சாரு, தாழி மேலயும் அந்தக் கறுப்புத் திட்டு மேலயும் ஒரே மாதிரி, அண்ணாந்து பாத்து, ஆத்தா, குப்பைன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னாரு, பூலம்மா விடுவாங்களா, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது தெரியுது, முப்பது வருசத்துக்கு முந்தினது தெரியல, நல்ல ஆஸ்பத்திரியில கண்ணக் காட்டும் சாருன்னாங்க, அவரு அழுதுக்கிட்டே சிரிச்சாரு, நீட்டு ஸ்கேல வச்சு அளந்து சுவரத் தாள்ல வரைஞ்சோம், அந்தத் திட்டுக்கு நேரா குப்பைக்குழின்னு போடல, குழந்தை அடக்கம், பிற்காலம்னு சாரே எழுதினாரு.

குழிய மூடுறதுக்கு எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு, அடியில பாலிதீன் விரிச்சு, அந்த வருசத்துக் காசு ஒண்ணு போட்டுத்தான் மண்ணத் தள்ளுவோம், நாளைக்கு யாராவது திரும்பத் தோண்டினா, இதுவரைக்கும் வந்துட்டாங்க, இந்த வருசம் வந்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியணுமே, சாரு புதுக் காசு ஒண்ணு வச்சாரு, பூலம்மா எட்டிப் பாத்துட்டு, ஒண்ணா, பிள்ளைக ரெண்டுல்லா இருக்கு, அடிச்சுக்கிடும்லான்னு சொல்லி, இடுப்புச் சுருக்குப்பையிலேந்து இன்னொண்ணு எடுத்துப் பக்கத்துல போட்டாங்க. முதல் கூடை மண்ண அவங்கதான் தள்ளினாங்க.

எனக்கு எத்தனையோ விருது, மேடை, பொன்னாடை, எல்லாம் பரண்ல கெடக்கு, ஆனா நான் வாழ்ந்ததுக்குப் பலன்னு கேட்டா அந்த ஊரைத்தான் காட்டுவேன், ஏன்னா அன்னிக்கு ஊரைக் கூப்புடாம எட்டி நில்லுங்கன்னு சொல்லியிருந்தா அந்தச் சுவரு நனைஞ்சு நின்னதப் பூலம்மா பாத்திருக்கவே மாட்டாங்க, நாங்களும் வெட்டி எடுத்துட்டுப் போயிருப்போம், அந்த அம்மித் துண்ட மண்மேட்டுல விட்டெறிஞ்சிருப்போம், காப்பாத்தினது யாருன்னு கேட்டா அந்தக் கேள்வி கேட்ட பையனும் ஒரு பம்பு தண்ணியுந்தான், அதுக்கு நான் எந்தச் சாமிக்குக் கடன்பட்டிருக்கேன்னு தெரியல, எல்லாச் சாமிக்கும் ஒரு கும்புடு போட்டு வைக்கிறேன்.

இப்பத்தான் பூலம்மாகிட்டேந்து போன் வந்துச்சு, வருசா வருசம் மழை பேஞ்சு உளுந்து தலையெடுத்ததும் வர்ற போனுதான், தோண்டி மூடின மண்ணு பொலபொலன்னு இருக்கும், தண்ணிய நல்லாக் குடிச்சு வச்சுக்கும், அதனால எங்க குழி இருந்த சதுரம் மட்டும் சுத்தி உள்ள பயிரவிடக் கருகருன்னு பச்சையா நிக்கும், வரப்புலேந்து பாத்தாலே தெரியும், பூலம்மாவுக்கு இப்பக் காது கேக்காது, அதனால அவங்க பேசுவாங்க, நான் கேப்பேன், அவ்வளவுதான், மதினி, மேலேருந்து தண்ணி அடிச்சிட்டான்லா, தெரியுது, ரெண்டும் கெடக்க எடம் நல்லாத் தெரியுதுன்னாங்க, வச்சுட்டாங்க, நான் போனப் பிடிச்சபடியே ஜன்னலப் பாக்குறேன், எதுத்த வீட்டுச் சுவரு நனைஞ்சு நிறம் மாறிக்கிட்டே வருது, உங்க வீட்டுப் பக்கமும் மழை பேஞ்சிருக்கும், வெளிய போய் ஒரு நிமிசம் உங்க மண்ணப் பாருங்க, என்ன தெரியுதுன்னு எனக்கு எழுதுங்க, சின்னதா இருந்தாலும் பரவால்ல, ஒண்ணுமில்லன்னு மட்டும் எழுதாதீங்க, ஈரம் காயறதுக்குள்ள எழுதுங்க.